ஆங்கில வாசிப்புப் பாடத்துக்குப் பெரிய கோயிலா, ஸ்டோன்ஹெஞ்சா, சித்தன்னவாசலா?

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்க வாசிப்புப் பகுதியை எங்கள் மாலை வகுப்பில் முதன்முதலாகக் கொடுத்தபோது, விமானத்தின் நிழல் காலையிலும் மாலையிலும் திருச்சுற்றில் நீண்டு விழுவதைக் காணலாம் என்ற வாக்கியம் அதன் மூன்றாம் பத்தியில் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. விமானத்தின் நிழல் தரையில் விழுமா என்பது பகுதியின் கீழே கேட்கப்பட்ட ஐந்தாம் கேள்வி. வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் விழாது என்று எழுதியிருந்தார்கள். அவர்களுள் இருவர் அந்தப் பகுதி முழுவதையும் தடையின்றி உரக்க வாசித்தவர்கள். ஒருவன் அதே வாக்கியத்தைச் சற்று முன்புதான் தமிழில் சரியாகப் பெயர்த்துச் சொன்னவன். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "பெரிய கோயில் நிழல் விழாதுல்ல சார், எல்லாருக்கும் தெரியுமே" என்றான். கண் ஆங்கில எழுத்துகளின் மேல் ஓடியது, வாய் சரியாக ஒலித்தது, விடை மட்டும் அவன் சிறுவயதில் யாரோ சொல்லக் கேட்ட இடத்திலிருந்து வந்தது.

தொல்சின்னம் ஒன்றைப் பற்றிய பகுதியைக் கொண்டு ஆங்கில வாசிப்பைக் கற்பிக்கலாம் என்று தீர்மானித்துவிட்டால், எந்தச் சின்னம் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. கையில் அகப்பட்ட பயிற்சித்தாளே அதை முடிவு செய்துவிடுகிறது. அன்றைய விடைத்தாள்களைத் திருத்திய பிறகு, சின்னத்தைத் தேர்ந்தெடுப்பதே பாடத்தின் பாதி என்று எனக்குப் பட்டது. எங்கள் வகுப்பு காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், ஓர் ஆச்சி தம் வீட்டு முகப்பை மாலை வேளையில் விட்டுக்கொடுத்திருப்பதால் நடக்கிறது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள். வாசித்தது என்ன என்று கேட்டால் புத்தகத்தைப் பார்க்காமல் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பவர்கள். இவர்களுக்கு ஏற்ற பகுதியைத் தேடியபோது எதிரே நின்ற வழிகளையும், ஒவ்வொன்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தவற்றையும், இறுதியில் எதைத் தேர்ந்தேன் என்பதையும், இதே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், தொல்சின்னம் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதை ஒன்றைக் கொடுத்தால் பிள்ளைகள் அடுத்து என்ன நடந்தது என்ற ஆவலில் முன்னே இழுத்துச் செல்லப்படுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் தேர்வுத்தாளிலும் பிற்காலத்தில் அலுவலகத்திலும் அவர்கள் எதிர்கொள்ளப் போவது தகவல் அடர்ந்த உரைநடை. ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிய பகுதியில் ஆண்டு இருக்கும், அளவு இருக்கும், கட்டியவர் பெயர் இருக்கும், பொருள் எங்கிருந்து வந்தது என்பது இருக்கும், எதற்காகக் கட்டினார்கள் என்பதைப் பற்றிய ஊகமும் இருக்கும். பயிற்சி வகுப்புகளில் ஸ்கிம்மிங் என்று சொல்லப்படும் மேலோட்டப் பார்வைக்கும், ஸ்கேனிங் என்று சொல்லப்படும் குறிப்பிட்ட தகவலைத் துருவியெடுக்கும் பார்வைக்கும் இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. செயப்பாட்டு வினையும் இத்தகைய பகுதிகளில் நிரம்பக் கிடைக்கும். பேச்சுத் தமிழில் நாம் 'ராஜராஜன் கட்டினது' என்றுதான் சொல்லுகிறோம். 'கட்டப்பட்டது' என்பது அச்சில் மட்டும் வாழும் வடிவம். ஆகவே 'வாஸ் பில்ட் பை' என்பதைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகூட, செய்தவர் பெயரே இல்லாத 'வாஸ் அபாண்டண்ட்' என்ற இடத்தில், கைவிட்டது யார் என்று தேடித் தடுமாறுகிறது.

இவற்றினும் முக்கியமாக நான் கருதுவது, உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டும் சொற்களை. 'இட் இஸ் பிலீவ்ட் தட்', 'இஸ் செட் டு ஹாவ் பீன்', 'ப்ராபப்ளி' ஆகியவை தொல்சின்னம் பற்றிய எந்தப் பகுதியிலும் வந்தே தீரும். பிள்ளைகள் இவற்றை வெற்றுச் சொற்களாகக் கடந்து போகிறார்கள். ஆனால் இதற்கான அறிவு அவர்களுக்குப் புதிதன்று. 'கட்டினான்' என்பதற்கும் 'கட்டினானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஐந்து வயதிலேயே அவர்கள் நாவில் இருக்கிறது. அந்த 'ஆம்' என்ற ஈற்றைக் கரும்பலகையில் எழுதி, இதற்கு ஆங்கிலம் நான்கு சொற்களைச் செலவிடுகிறது என்று காட்டிய நாளில், இலக்கண விளக்கம் எதுவும் இல்லாமலே பாதிப் பேர் அந்தச் சொற்களை அடிக்கோடிடத் தொடங்கிவிட்டார்கள்.

ஒப்பிடுவதற்கான அளவுகோல் என்ன என்பது அடுத்த கேள்வி. வாசகர் ஏற்கெனவே அறிந்திருப்பது வாசிப்பை எவ்வளவு தாங்குகிறது என்பது பல முறை ஆராயப்பட்ட செய்தி. 1979-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் இந்தியத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் இரண்டு கடிதங்களை அமெரிக்கர்களிடமும் இந்தியர்களிடமும் படிக்கக் கொடுத்தார்கள். இரு திறத்தாரும் தத்தம் பண்பாட்டுக் கடிதத்தை விரைவாகப் படித்தார்கள், அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். மற்றதைத் திரித்துப் புரிந்துகொண்டார்கள். இதைக் கொண்டு, உள்ளூர்ப் பொருளைப் பற்றிய பகுதியே சிறந்தது என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணித் தஞ்சையை எடுத்தேன். பெரிய கோயிலின் நிழல் எனக்குக் கற்பித்தது, அறிந்தது மிகும்போது வாசிப்பே தேவையற்றுப் போகிறது என்பதை. மறுபக்கத்தில் சொற்களின் கணக்கு இருக்கிறது: ஒரு பகுதியை உதவியின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு. ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச்சொல். 250 சொற்கள் கொண்ட பகுதியில் ஐந்து. ஆசிரியர் அருகில் இருக்கும் வகுப்பில் இதைச் சற்றுத் தளர்த்தலாம், ஆனால் முப்பது புதுச்சொற்கள் உள்ள பகுதி வாசிப்புப் பாடமாக இருக்க முடியாது. ஆக, பொருள் பாதி தெரிந்ததாகவும் சொற்கள் பெரும்பாலும் தெரிந்தவையாகவும் இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

வெளிநாட்டுச் சின்னங்களிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலம் கற்பிப்போருக்கான பயிற்சித்தாள்களில் ஸ்டோன்ஹெஞ்சும் கீசாவின் பெரிய பிரமிடும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றின் முதல் நன்மை, எழுதியவர்களின் ஆங்கிலம் பிழையற்றது என்பது. இரண்டாவது, கேள்விகள் படிநிலையாக அமைக்கப்பட்டிருப்பது. மூன்றாவது, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாததால் விடை பகுதியிலிருந்தே வந்தாக வேண்டும் என்பது. பிரமிடைவிட ஸ்டோன்ஹெஞ்சை நான் விரும்புகிறேன். பிரமிடைப் பற்றிய பகுதிகள் எண்களால் மலைக்க வைப்பதோடு நின்றுவிடுகின்றன: தொடக்கத்தில் 146 மீட்டர் உயரம், சுமார் 23 லட்சம் கற்கள், கூஃபு மன்னனின் கல்லறை. ஸ்டோன்ஹெஞ்சில் உண்மையான புதிர் இருக்கிறது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் கி.மு. 3000 அளவில் தொடங்கிய அந்த வேலையில், சிறு கற்கள் வேல்ஸ் நாட்டின் பிரசெலி மலைகளிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவரப்பட்டவை. பெரிய கற்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவை என்பது 2020-இல்தான் உறுதியாயிற்று. எழுத்தில்லாத மக்கள் எழுப்பியதால், எதற்காக என்ற கேள்விக்கு ஊகங்களே விடை. 'ஆம்' ஈற்றுப் பாடத்துக்கு இதனினும் செழிப்பான நிலம் இல்லை. கோடையில் சூரியன் வடகோடி சென்று திரும்பும் நாளின் உதயத்தை நோக்கிக் கற்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன என்ற செய்தியும், தட்சிணாயனம், உத்தராயணம் என்ற பேச்சை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு எட்டாத ஒன்றன்று.

ஆனால் முதல் பகுதியாக அதைக் கொடுத்தபோது வகுப்பு மூழ்கிவிட்டது. சமவெளி, மேடு, அகழி, புதைகுழி, கற்காலம் என்று முதல் பத்தியிலேயே பத்துக்கு மேற்பட்ட சொற்கள் அவர்களுக்குப் புதியவை. ஒவ்வொன்றுக்கும் நான் தமிழ்ச்சொல் சொல்லச் சொல்ல அவர்கள் பென்சிலால் மேலே எழுதிக்கொண்டார்கள். பிறகு படித்தது அந்தப் பென்சில் எழுத்தை மட்டுந்தான். கி.மு. ஆண்டுகள் எண் குறையக் குறைய நம்மை நோக்கி வருகின்றன என்பதும் இடித்தது: கி.மு. 3000-க்குப் பிறகு கி.மு. 2500 என்று வந்த இடத்தில் அச்சுப்பிழை என்று ஒரு மாணவி திருத்தி வைத்திருந்தாள். அது அவளுடைய கவனத்தைக் காட்டுகிறது என்று அவளிடம் சொன்னேன். இருந்தாலும், கணக்குப் பாடத்தையும் சேர்த்துச் சுமக்கும் பகுதி முதல் வாரத்துக்கு உரியதன்று.

இனித் தஞ்சை. காரைக்குடியிலிருந்து 100 கிலோமீட்டர் அளவிலான தொலைவு. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு முறையாவது சுற்றுலா சென்றிருக்கிறார்கள். 1010-இல் முதலாம் இராஜராஜன் நிறைவு செய்த கோயில், 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது, 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனுடன் சேர்க்கப்பட்டன என்று உறுதியான செய்திகளுக்குக் குறைவில்லை. கோயிலைக் கட்டிய தச்சரின் பெயர், வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று, கல்வெட்டிலேயே இருக்கிறது. எடுத்துக்கொள்ளத் தூண்டும் பொருள் என்பதில் ஐயமில்லை.

இடர்ப்பாடு இரண்டு இடங்களில் வந்தது. முதலாவது, பெயர்கள். பெரிய கோயில், பெருவுடையார் கோயில், பிரகதீஸ்வரர் கோயில், இராஜராஜேச்சரம் என்று ஒரே கோயிலுக்கு நான்கு பெயர்கள் ஒரே பகுதியில் ஆங்கில எழுத்தில் வந்தால், வாயால் சொன்னவுடன் அடையாளம் தெரிந்துகொள்ளும் பிள்ளை அச்சில் பார்த்துத் திகைக்கிறது. தஞ்சாவூருக்கே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வடிவங்கள் வழங்குகின்றன. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வாசிப்பது ஆங்கிலச் சொல்லை வாசிப்பதைவிடக் கடினம் என்பதை உள்ளூர்ப் பகுதிகளைப் பரிந்துரைப்போர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, நான் தொடக்கத்தில் சொன்ன முன்னறிவு. நிழல் விழாது என்பது போலவே, உச்சியில் உள்ள கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அது பல துண்டுகளால் ஆனது என்று கட்டடத்தை ஆராய்ந்தவர்கள் கூறுவதைப் பகுதியில் எழுதினால், பிள்ளை அதைப் படிக்கும்போதே ஒரே கல் என்று படித்துவிடுகிறது. போதாததற்கு, இக்கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும் பகுதிகள் சுற்றுலா விளம்பர நடையில் இருக்கின்றன. வியப்புக்குரிய, ஈடிணையற்ற, கம்பீரமான என்ற பெயரடைகள் குவிந்திருக்கும் அவற்றில் கேள்வி கேட்பதற்கான தகவல் சொற்பம்.

சொற்களின் கதை ஒன்று இங்கே சொல்லத்தக்கது. விமானத்துக்கு 13 நிலைகள் என்பதை ஒரு பகுதி 'தர்ட்டீன் ஸ்டோரீஸ்' என்று எழுதியிருந்தது. வகுப்பில் பலர் அதைப் பதின்மூன்று கதைகள் என்று பெயர்த்தார்கள். அமெரிக்க எழுத்து முறையில் மாடிக்கும் கதைக்கும் பன்மையில் வேறுபாடு இல்லை என்பதால், இதைப் பிழை என்று ஒதுக்க முடியாது. பிள்ளைகள் தமக்குத் தெரிந்த பொருளை வைத்தார்கள். ஆனால் அந்தப் பொருள் வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று நின்று பார்க்கவில்லை. கோபுரத்துக்குக் கதை எப்படி உயரம் தரும் என்று கேட்டவுடன் ஒரு பெண் தானாகவே "மாடி" என்றாள். சூழலைக் கொண்டு பொருளை ஊகிக்கும் திறனை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் இடம் ஸ்டோன்ஹெஞ்சில் எனக்குக் கிடைக்கவில்லை. எனவே தஞ்சையை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது முதல் பகுதி அன்று, அவ்வளவே. வாசிப்பில் ஓரளவு கால் ஊன்றிய பிறகு, தாளில் இருப்பதையும் தலையில் இருப்பதையும் பிரிக்கக் கற்பிக்கும்போது அதைவிட நல்ல பகுதி இல்லை. அதன் உயரம் ஒரு பக்கத்தில் 216 அடி என்றும் இன்னொன்றில் 63 மீட்டர் என்றும் இருப்பதைப் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டும் ஒன்றா என்று மீட்டரை அடியாக மாற்றிப் பார்க்கச் சொன்னால் ஒரு முழு வகுப்பும் போய்விடும்.

அருகிலுள்ளவற்றைப் பார்க்கும்போது, எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. முகப்பு, பட்டாலை, வளவு என்று பிள்ளைகள் அன்றாடம் நடமாடும் இடங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரை என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பயணக் கதை உண்டு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கின்றன. என்றாலும் அவற்றில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. யார், எப்போது, எதற்கு என்ற கேள்விகளுக்கு ஆச்சியிடமே விடை இருக்கும்போது, 'ப்ராபப்ளி' என்ற சொல்லுக்கு வேலையில்லை. பிள்ளையார்பட்டியை நான் எடுக்காததற்குக் காரணம் வேறு. குடைவரைக் கோயில்களுள் பழமையான ஒன்று, காரைக்குடியிலிருந்து மிக அருகில், நகரத்தார் கோயில்கள் ஒன்பதனுள் ஒன்று. ஆனால் பிள்ளைகளுக்கு அது கும்பிடும் இடம். கும்பிடும் இடத்தைப் பற்றி, இது இந்த நூற்றாண்டினதா அந்த நூற்றாண்டினதா என்று வாதிடச் சொல்வது சிலருக்குக் கூச்சத்தை உண்டாக்கியது. வேறு சமயத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். திருமயம் எனக்கு மிகவும் பிடித்த இடம். புதுக்கோட்டைச் சாலையில் பேருந்தில் போகும் எவர் கண்ணிலும் படுவது. ஆனால் 1687-இல் சேதுபதி மன்னர் கட்டுவித்த கோட்டையையும், அதற்குப் பல நூற்றாண்டு முந்திய இரண்டு குடைவரைக் கோயில்களையும் ஒரே பக்கத்தில் அடக்கினால் காலம் குழம்பிவிடுகிறது. அதை அடுத்த ஆண்டு இரண்டு பகுதிகளாக எழுதுவதாக இருக்கிறேன்.

இறுதியில் நான் தேர்ந்தது சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் அளவில் உள்ள அந்தக் குன்றின் பெயரை எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். சிலர் போயிருக்கிறார்கள், அங்கே ஓவியம் இருக்கிறது என்று பலருக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. உறுதியான கட்டுக்கதை எதையும் அவர்கள் அதைப் பற்றிச் சுமந்திருக்கவில்லை. என் அளவுகோலில் சொன்ன பாதி தெரிந்த பொருள் இதுதான். பாறை, குகை, தாமரை, மீன், யானை, எருமை, வாத்து, குளம் என்று இந்த இடத்தைப் பற்றி எழுதத் தேவைப்படும் பெயர்ச்சொற்கள் ஏறத்தாழ அனைத்தும் ஐந்தாம் வகுப்பிலேயே கற்ற ஆங்கிலச் சொற்கள் என்பது எனக்கே எதிர்பாராத நன்மையாக அமைந்தது. அங்கே பாறையைக் குடைந்து அமைத்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் விதானத்தில், அதாவது உட்கூரையில், தீட்டப்பட்டிருப்பது ஒரு தாமரைக்குளம். அதில் மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் இருக்கின்றன, சிலர் பூப்பறிக்கிறார்கள். இதை எழுத எந்த அகராதியும் தேவைப்படவில்லை. நிறம் மங்கியது, பூச்சு உதிர்ந்தது, குடைந்தெடுக்கப்பட்டது, துறவி, கல்வெட்டு ஆகிய ஐந்தை மட்டும் புதுச்சொற்களாக வைத்துக்கொண்டேன். குகைக்குரிய 'கேவ்', செதுக்குவதற்குரிய 'கார்வ்', வளைவுக்குரிய 'கர்வ்' ஆகிய மூன்றையும் பிள்ளைகள் ஒன்றாகவே படிப்பதைக் கண்டு, அம்மூன்றும் ஒரே பத்தியில் வருமாறு வேண்டுமென்றே அமைத்தேன்.

குளம் என்பதற்கு மட்டும் ஒரு தடுமாற்றம் வந்தது. கோயில் குளத்தை இந்திய ஆங்கிலத்தில் 'டேங்க்' என்று எழுதுவது வழக்கம். ஊருணியையும் கண்மாயையும் நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளுக்கு டேங்க் என்றால் மாடியின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான். விதானத்தில் தாமரை டேங்க் என்று படித்த ஒருவன், கோயில் கூரையின் மேல் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்று வரைந்தே காட்டினான். 'பாண்ட்' என்று மாற்றிவிட்டேன். ஆனால் மாற்றுவதற்கு முன் அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டி, வாசிக்கும்போது மனத்தில் படம் எழுவது நல்லது, அந்தப் படம் அடுத்த வாக்கியத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதைவிட நல்லது என்று சொன்னேன்.

சித்தன்னவாசலை மற்றவற்றுக்கு மேலாக நான் வைப்பதற்கு உண்மையான காரணம், உய்த்துணர்வதற்கு அது தரும் இடம். பகுதியில் வெளிப்படையாகச் சொல்லாததைச் சொன்னதிலிருந்து பெறுவதே வாசிப்புத் திறன்களுள் கடினமானது. நம் கேள்வித்தாள்கள் அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றன. இங்கே இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அறிவர் கோயிலைப் பழுதுபார்த்ததைச் சொல்கிறது. அவ்வளவுதான் பகுதியில் இருந்தது. இந்தக் கோயில் ஒன்பதாம் நூற்றாண்டில் குடையப்பட்டதா, அதற்கு முன்பா, பின்பா என்று கேட்டேன். முதலில் எல்லாரும் ஒன்பதாம் நூற்றாண்டு என்றே எழுதினார்கள், ஏனென்றால் அந்தக் கோயிலைப் பற்றிப் பகுதியில் இருந்த நூற்றாண்டு அது ஒன்றுதான். பழுதுபார்க்கும் சொல்லை அடிக்கோடிடச் செய்து, உங்கள் வீட்டுக் கூரை ஓடுகளை எப்போது மாற்றினீர்கள், வீடு எப்போது கட்டியது என்று கேட்ட பிறகு ஒவ்வொருவராக விடையை அடித்துத் திருத்தினார்கள். இராஜராஜன் 1010-இல் நிறைவு செய்தான் என்ற வாக்கியத்திலிருந்து இப்படி ஒரு கேள்வியை உருவாக்க எனக்கு வழி தெரியவில்லை. எல்லாம் அங்கே சொல்லப்பட்டுவிடுகிறது.

இன்னோர் இடம், குன்றின் மறுபக்கத்தில் உள்ள ஏழடிப்பட்டம். இயற்கையாக அமைந்த குகையின் தரையில் 17 கற்படுக்கைகள் மெருகேற்றி வெட்டப்பட்டிருக்கின்றன, தலைமாட்டில் தலையணைபோலச் சற்று உயர்த்தி. ஒரு படுக்கையின் ஓரத்தில், கி.மு. முதல் நூற்றாண்டளவில் பொறித்ததாகக் கருதப்படும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள், தொலைவிலுள்ள எருமைநாட்டில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பார் செய்து கொடுத்த இருக்கை என்பதைச் சொல்கின்றன. படுக்கைகளில் படுத்தவர்கள் உள்ளூர்க்காரர்களா என்ற கேள்விக்கு, எல்லாரும் அல்லர், ஒருவராவது வெளியூரிலிருந்து வந்தவர் என்று விடை எழுத, பிள்ளைகள் அந்த ஒரு வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. மெத்தையில்லாமல் கல்லில் ஏன் படுத்தார்கள் என்பதற்கு விடை, துறவி என்ற சொல்லில் இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டும் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டும் ஒரே குன்றில் இருப்பதால், ஸ்டோன்ஹெஞ்சில் இடித்த காலக்கணக்கை இங்கே ஒரு கோடு வரைந்து சிறிய அளவில் பழகிக்கொள்ளவும் முடிந்தது.

இந்தத் தேர்வுக்கு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. என் பிள்ளைகளின் அளவுக்கு ஏற்ற ஆங்கிலப் பகுதி சித்தன்னவாசலைப் பற்றிக் கிடைக்கவில்லை; தொல்லியல் நடையில் இருப்பவை கடினமானவை, சுற்றுலா நடையில் இருப்பவை வெறுமையானவை. நானே எழுத வேண்டியிருந்தது. 250 சொற்களுக்கு நான்கு மாலைகள் ஆயின. என் தாய்மொழி ஆங்கிலமன்று; முன்னிடைச்சொற்களில் இரண்டு பிழைகளை வேறொரு பள்ளியின் ஆங்கில ஆசிரியை திருத்திக் கொடுத்தார். ஆயத்தப் பயிற்சித்தாளில் இந்த இடரே இல்லை. தனியாக வேலை செய்பவரும், காட்டிச் சரிபார்க்க ஆள் இல்லாதவரும், ஸ்டோன்ஹெஞ்ச் பகுதியை எடுத்து அதன் முதல் பத்தியை மட்டும் எளிமையாக்கிக்கொள்வது மேல் என்றே சொல்வேன். பிழையான ஆங்கிலத்தை அழகான உள்ளூர்ப் பொருளில் பொதிந்து கொடுப்பதில் நன்மை இல்லை. மூன்று வாரம் மட்டுமே கையில் உள்ளவருக்கும் இதே ஆலோசனைதான்.

எனக்கு ஒரு பருவம் முழுவதும் இருந்தது. ஆகவே சித்தன்னவாசலை முதலிலும், தஞ்சையை நடுவிலும், ஸ்டோன்ஹெஞ்சைக் கடைசியிலும் வைத்தேன். கடைசியில் வைத்ததற்குக் காரணம், உள்ளூர்ப் பகுதியில் பெற்ற திறன் அந்நியப் பொருளிலும் கைகொடுக்கிறதா என்று பார்க்க வேறு வழியில்லை என்பது. அதே ஸ்டோன்ஹெஞ்ச் பகுதி, அதே சொற்கள். இம்முறையும் புதுச்சொற்களால் அவர்கள் இடறத்தான் செய்தார்கள். ஆனால் பென்சிலால் தமிழ் எழுதுவதற்கு முன் வாக்கியத்தின் முடிவு வரை போனவர்கள் அதிகம். எதற்காகக் கட்டினார்கள் என்ற கேள்விக்குச் சிலர் வழிபாட்டுக்கு என்று எழுதி, பக்கத்தில் தமிழில் 'ஆம்' என்று சேர்த்திருந்தார்கள். எல்லாருக்கும் இது கைவந்துவிடவில்லை. உரக்க வாசிப்பதில் மட்டும் தேர்ந்த இருவர் இன்னும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தனியே வேறு வழி தேட வேண்டும்.

நேரில் அழைத்துச் செல்வதைப் படிப்பதற்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பதும் ஒரு தேர்வு. முன்பே பார்த்துவிட்டால் சொற்கள் எளிதாகும். ஆனால் சித்தன்னவாசலும் தஞ்சையைப்போல் ஆகிவிடும், விடை கண்ணிலிருந்து வரும், தாளிலிருந்து வராது. ஆகவே பகுதியை இரண்டு வாரம் படித்து முடித்து, அரையாண்டுத் தேர்வுக்குப் பின் டிசம்பரில் போனோம். ஏழடிப்பட்டத்துக்குப் போகும் பாதை நிழலில்லாத பாறை. ஏப்ரலில் பிள்ளைகளை அங்கே ஏற்றக் கூடாது, டிசம்பரிலும் காலையிலேயே ஏறிவிட வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் அந்த 250 சொல் தாள் இருந்தது. எந்த வாக்கியத்தை இங்கே நின்று உறுதிசெய்ய முடியும், எதை முடியாது என்று பக்கத்தில் குறிக்கச் சொன்னேன். தாமரைக்குளத்துக்கு நேர் கீழே நின்றவர்கள் எருமையை நெடுநேரம் தேடினார்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் எது எருமை, எது யானை என்று அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. ஒரு பெண் தாளில் அந்த வாக்கியத்தின் அருகே, நிறம் மங்கியதற்கு நான் கற்றுக்கொடுத்த 'ஃபேடட்' என்ற சொல்லை எழுதி, அதற்கு முன் 'ப்ராபப்ளி' என்று சேர்த்துக்கொண்டாள்.